குதிகால் எங்கே இருக்கிறது? ஹெலிகாப்டர் சிமுலேட்டரில் பெடலில் கால் வைக்கும் முறை

என் மேசைக்கு அடியில் ஒரு பிளைவுட் பலகை கிடக்கிறது. அதன் மேல் சிமுலேட்டருக்கான ரட்டர் பெடலைத் திருகிப் பொருத்தியிருக்கிறேன். குதிகால் படுகிற இடத்தில் பென்சிலால் நான்கு கோடுகள். இடது காலுக்கு இரண்டு, வலது காலுக்கு இரண்டு. ஒரு ஜோடிக்குப் பக்கத்தில் ‘ஹியூயி’ என்று எழுதியிருக்கிறேன், இன்னொரு ஜோடிக்குப் பக்கத்தில் ‘எம்ஐ-8’ என்று. முன்னது அமெரிக்க ஹெலிகாப்டர், பின்னது ரஷ்ய ஹெலிகாப்டர். ஹியூயி ஜோடியில் இடது கோடு வலது கோட்டைவிட ஒரு விரற்கடை முன்னால் இருக்கும். எம்ஐ-8 ஜோடியில் வலதுதான் முன்னால்.

இந்த நான்கு கோடுகளுக்கு வந்து சேர எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் ஒரே சாயங்காலத்தில் முடிந்திருக்கும். ஹோவர், அதாவது அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பது, வரவே மாட்டேன் என்கிறது என்று நண்பர்கள் யாராவது கூப்பிட்டால், நான் ஸ்டிக்கைப் பற்றியோ செட்டிங்கைப் பற்றியோ கேட்பதில்லை. மேசைக்கு அடியில் குனிந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன். குதிகால் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நான் சிமுலேட்டரில் விமானத்திலிருந்து ஹெலிகாப்டருக்கு வந்தவன். செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தை ஓட்டும்போது பெடலுக்கு அதிக வேலை கிடையாது. ஓடுபாதையில் நேராகப் போக, காற்று பக்கவாட்டில் அடித்தால் இறங்கும்போது கொஞ்சம், அவ்வளவுதான். மிதித்துவிட்டு விட்டுவிடலாம், ஸ்பிரிங் நடுவுக்குக் கொண்டு வந்துவிடும். அதே பழக்கத்தோடு டிசிஎஸ் என்ற சிமுலேட்டரில் ஹியூயியை எடுத்தேன். குதிகாலைத் தரையிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டு, தொடையிலிருந்து அழுத்தி மிதித்தேன். மூக்கு ஊஞ்சல் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. இடதுபக்கம் மிதித்தால் வேண்டியதைவிட அதிகமாகத் திரும்பும், அதைச் சரிக்கட்ட வலதுபக்கம் மிதித்தால் அதுவும் அதிகமாகும். இரண்டு வாரத்தில் முழங்காலுக்குக் கீழே, எலும்பை ஒட்டிய முன்பக்கத் தசையில் வலி வந்துவிட்டது. மாடிப்படி இறங்கும்போது சுருக்கென்று பிடிக்கும். பாதத்தை அந்தரத்தில் பிடித்து வைத்திருந்ததற்கான கூலி அது.

வழி காட்டியது அம்மாதான். அம்மா முப்பது வருடம் தையல் மிஷின் மிதித்தவர், மோட்டார் இல்லாத பழைய கால்மிஷின். நான் காலை உதறிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என்னடா செய்கிறாய் என்று கேட்டார். பெடலைக் காட்டினேன். மிதித்துக் காட்டச் சொன்னார். மிதித்தேன். “டேய், தொடையால மிதிக்காத. கணுக்காலால மிதி. தொடை ஆடுச்சுன்னா துணி கோணிக்கும்” என்றார். துணி தைப்பவர்களுக்கு அது பாலபாடம். மிஷினில் இரண்டு கைகளும் துணியைப் பிடித்திருக்கும். தொடை ஆடினால் இடுப்பு ஆடும், இடுப்பு ஆடினால் கை ஆடும், தையல் கோணலாகும். ஹெலிகாப்டரிலும் அதே கதைதான்.

ஹெலிகாப்டரில் ஏன் இது இன்னும் முக்கியம்?

உண்மையான ஹெலிகாப்டர் பைலட்டுகள் சைக்ளிக் ஸ்டிக்கை, அதாவது ஹெலிகாப்டரை முன்னே பின்னே பக்கவாட்டில் சாய்க்கிற பிடியை, கால்களுக்கு நடுவில் பிடிப்பார்கள். அப்போது வலது முன்கை வலது தொடையின் மேல் சாய்ந்திருக்கும். கை அந்தரத்தில் இருந்தால் நடுங்கும் என்பதால் தொடையைத்தான் கைதாங்கியாக வைத்துக்கொள்கிறார்கள். இப்போது வலது பெடலைத் தொடையிலிருந்து மிதித்தால் என்ன ஆகும்? தொடை எழும்பி இறங்கும். அதோடு முன்கையும் போகும், சைக்ளிக்கும் போகும். மூக்கைத் திருப்ப நினைத்தீர்கள், ஹெலிகாப்டர் பின்னோக்கி நழுவுகிறது. அதைப் பிடிக்க சைக்ளிக்கை முன்னே தள்ளுகிறீர்கள். உயரம் குறைகிறது. ஏறுவதற்கான இடது கை நெம்புகோலான கலெக்டிவைத் தூக்குகிறீர்கள். கலெக்டிவைத் தூக்கியதும் மூக்கு மறுபடியும் திரும்புகிறது. காலில் தொடங்கிய பிசகு ஒரு சுற்றுச் சுற்றிக் காலுக்கே வந்து சேர்கிறது. ‘ஹோவர் வரவில்லை’ என்று சொல்வது பெரும்பாலும் இந்தச் சுற்றைத்தான். குதிகாலைத் தரையில் ஊன்றிக் கணுக்காலால் மட்டும் மிதித்தால் தொடை அசையாது. சுற்று தொடங்குகிற இடத்திலேயே அறுந்துவிடும்.

மேசைமேல் வைக்கிற ஸ்டிக் உள்ளவர்களுக்கு முன்கை தொடையில் சாயாது, உண்மைதான். ஆனாலும் தொடையிலிருந்து மிதித்தால் இடுப்பு திரும்பும், தோள் திரும்பும். வந்து சேர்கிற இடம் அதேதான்.

பெடல் என்ன செய்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் பென்சில் கோடுகளுக்குக் காரணம் இதில்தான் இருக்கிறது. தலைக்கு மேலே இருக்கிற பெரிய ரோட்டரை எஞ்சின் ஒரு பக்கம் சுற்றும்போது, உடல்பகுதி அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். வாலில் இருக்கிற சின்ன ரோட்டர் அதைத் தடுத்துப் பிடித்திருக்கிறது. பெடல் மாற்றுவது அந்த வால் ரோட்டர் இறக்கைகளின் கோணத்தை. நாம் ரட்டர் பெடல் என்று சொன்னாலும் ஹெலிகாப்டரில் அது ரட்டரே அல்ல. கலெக்டிவை எவ்வளவு தூக்குகிறீர்களோ, அவ்வளவு முறுக்கு விசை. அதைச் சமாளிக்க அவ்வளவு பெடல். ஆகவே ‘பெடல் நடுவில் இருந்தால் மூக்கு நேராக இருக்கும்’ என்ற விமானக் கணக்கு இங்கே செல்லாது. ஹோவரில் நேராக நிற்கும்போதே ஒரு பெடல் முன்னால் போயிருக்கும்.

எந்தப் பெடல் என்பது ரோட்டர் சுற்றும் திசையைப் பொறுத்தது. ஹியூயி, பெல் 206, பெல் 407, ராபின்சன் ஆர்44, அப்பாச்சி போன்ற அமெரிக்க ஹெலிகாப்டர்களில் மேலிருந்து பார்த்தால் ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். பவர் கூட்டினால் மூக்கு வலதுபக்கம் போகும், இடது காலால் பிடிக்க வேண்டும். எம்ஐ-8, எம்ஐ-24 போன்ற ரஷ்ய ஹெலிகாப்டர்களிலும், பிரான்ஸில் பிறந்த கஸல், அலூவெட் ஆகியவற்றிலும் ரோட்டர் கடிகாரத் திசையில் சுற்றும். அங்கே வலது கால். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரின் 2020 பதிப்பில் 2022 நவம்பரில் அதிகாரப்பூர்வமாக ஹெலிகாப்டர் வந்தபோது பெல் 407-உம் கேப்ரி ஜி2-உம் சேர்ந்தே வந்தன. ஒன்று இடது கால் வண்டி, ஒன்று வலது கால் வண்டி. காலையில் ஒன்றையும் மாலையில் மற்றதையும் ஓட்டியவர்கள் ஏன் குழம்பினார்கள் என்பதற்கு இதுதான் பதில். கேஏ-50 என்ற ரஷ்ய ஹெலிகாப்டரில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ரோட்டர்கள் எதிரெதிராகச் சுற்றுவதால் வால் ரோட்டரே கிடையாது, பவர் கூட்டினாலும் காலுக்குப் பெரிதாக வேலை வராது.

நான் வளர்ந்தது அரக்கோணத்தில். ஐஎன்எஸ் ராஜாளி கடற்படைத் தளம் அங்கேதான் இருக்கிறது, கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியும் அதற்குள்தான். பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வரும்போது தூரத்தில் ஒரு சேதக் ஹெலிகாப்டர் அந்தரத்தில் நின்று மூக்கை மெதுவாக ஒரு பக்கம் திருப்பும், நிறுத்தும், பிறகு மறுபக்கம் திருப்பும். சேதக் என்பது அலூவெட் 3-ஐ எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம்) உரிமம் வாங்கி நம் நாட்டில் தயாரித்தது. அன்றைக்கு யாரோ ஒரு மாணவர் உள்ளே உட்கார்ந்து வலது காலை ஊன்றிப் பழகிக்கொண்டிருந்தார் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

முதலில் நாற்காலி

காலுக்கு முன்னால் நாற்காலியைச் சரிசெய்ய வேண்டும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பெடலை மிதித்தால் நாற்காலி பின்னால் போகும், பெடல் முன்னால் போகும். பத்து நிமிடத்தில் கால் எட்டாது. டைல்ஸ் தரையில் இது இன்னும் மோசம். நான் முதலில் நாற்காலித் தண்டுக்கும் பெடலுக்கும் ஒரு கட்டில் நாடாவைக் கட்டி வைத்திருந்தேன். அது நன்றாகவே வேலை செய்தது, செலவும் இல்லை. பிறகு சக்கரங்களைக் கழற்றிவிட்டு ரப்பர் புஷ் போட்டுவிட்டேன். பலகைக்கு அடியில் ஒரு ரப்பர் மேட். வீட்டில் நான்கு கால் மர நாற்காலி இருந்தால் அதுவே போதும், விலை உயர்ந்த கேமிங் சேர் வேண்டாம்.

உயரம்: உட்கார்ந்ததும் தொடைக்கும் நாற்காலியின் முன் விளிம்புக்கும் நடுவில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். லேசாக உரசிக்கொண்டு நுழைய வேண்டும். நுழையவே இல்லை என்றால் நாற்காலி உயரம், விளிம்பு நரம்பை அழுத்தி அரை மணி நேரத்தில் கால் மரத்துப்போகும். அதோடு பாதத்தின் எடை குதிகாலில் இறங்காது, ஊன்றல் கிடைக்காது. கை தாராளமாக நுழைந்தால் நாற்காலி தாழ்வு. என் உயரம் 170 சென்டிமீட்டர், என் நாற்காலி 42 சென்டிமீட்டரில் நிற்கிறது.

தூரம்: நாற்காலியின் முன் விளிம்பிலிருந்து குதிகால் வரை எனக்கு ஒன்றரைச் சாண். கீழ்க்கால் செங்குத்தாக நிற்கக் கூடாது, முன்னால் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு பெடலைக் கடைசிவரை தள்ளினாலும் முழங்கால் விறைத்து நீளக் கூடாது, கொஞ்சம் மடக்கு மிச்சம் இருக்க வேண்டும். முதுகு நாற்காலியில் ஒட்டியிருக்கட்டும். முன்னால் சாய்ந்து திரையை எட்டிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் திரையை அருகில் கொண்டு வாருங்கள்.

பாதத்தை வைப்பது

பெடலைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். கண்ணை மூடி, கால்களை முன்னால் நீட்டி, அவை தாமாக எங்கே விழுகின்றனவோ அங்கே விழவிடுங்கள். பெரும்பாலும் விரல்கள் சற்றே வெளிப்பக்கம் பார்த்திருக்கும். அந்த இடத்துக்குப் பெடலைக் கொண்டு வாருங்கள். நாம் எல்லோரும் பெடலை வைத்துவிட்டு அதற்குக் காலைக் கொண்டுபோகிறோம், அங்கேயே முழங்கால் திருகத் தொடங்குகிறது.

குதிகால் முதலில் தரையில். பிறகு பாதத்தை முன்னால் சாய்த்து, பெருவிரலுக்குக் கீழே மேடாக இருக்கிற பகுதி பெடலின் கீழ்ப்பாதியில் படும்படி வைக்க வேண்டும். அந்த மேட்டைத்தான் இனி முன்மேடு என்று சொல்லப்போகிறேன். விரல் நுனிகளால் மிதிக்காதீர்கள், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். உள்ளங்காலின் குழிவான நடுப்பகுதியால் மிதித்தால் உணர்வே இருக்காது.

முன்மேடு ஏன் சரியான இடம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. என் குதிகாலிலிருந்து முன்மேடு வரை சுமார் 18 சென்டிமீட்டர். கணுக்காலை 1 டிகிரி அசைத்தால் முன்மேடு 3 மில்லிமீட்டர் நகரும். 20 டிகிரி அசைத்தால் 6 சென்டிமீட்டர். ஹோவரில் மூக்கை நேராக வைத்திருக்கத் தேவைப்படுவதெல்லாம் சில மில்லிமீட்டர்கள்தான். குதிகால் ஊன்றியிருந்தால் அந்தச் சில மில்லிமீட்டரை உடம்பு தாராளமாகக் கொடுக்கும். தொடையிலிருந்து மிதித்தால் இடுப்பிலிருந்து பாதம் வரை உள்ள மொத்தக் காலையும் தூக்கிக்கொண்டு 3 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும். அது அம்மிக்கல்லை வைத்துக் கோலம் போடுவது மாதிரி.

இரண்டு பாதமும் எப்போதும் பெடலைத் தொட்டிருக்க வேண்டும். இடது கால் தள்ளும்போது வலது கால் விட்டுக்கொடுக்கிறது, ஆனால் விலகிவிடவில்லை. லேசாக எதிர்த்துக்கொண்டே பின்வாங்குகிறது. அந்த எதிர்ப்புதான் பெடலுக்கு நிதானம் தருகிறது. என் பெடலில் டாம்பர் (அசைவை நிதானப்படுத்துகிற உறுப்பு) கிடையாது, மறுகால்தான் எனக்கு டாம்பர். ஒரு காலை மட்டும் வைத்து மிதித்துப் பாருங்கள், பிறகு இரண்டையும் வைத்து மிதித்துப் பாருங்கள். வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே தெரியும்.

சரியாகச் செய்கிறோமா என்று பார்க்க இரண்டு சோதனைகள் வைத்திருக்கிறேன். குதிகாலுக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து ஒரு நிமிடம் சின்னச் சின்னதாக மிதியுங்கள். தாள் கசங்கியிருந்தால் குதிகால் நகர்ந்திருக்கிறது. இரண்டாவது, மிதிக்கும்போது முழங்காலுக்கு மேலே தொடையில் கையை வையுங்கள். தசை இறுகுவது கையில் தெரிந்தால் இன்னும் தொடையிலிருந்துதான் மிதிக்கிறீர்கள்.

பெடலின் முழு நீளத்துக்கும் கணுக்கால் போதாது, அது இயல்புதான். 6 சென்டிமீட்டருக்கு மேல் தேவைப்படும்போது, அதாவது வேகமாகத் திரும்பும்போதோ, காற்று வாலைப் பிடித்துத் தள்ளும்போதோ, குதிகாலைத் தரையோடு இழுத்து முன்னால் நகர்த்துங்கள். தூக்கி வைக்க வேண்டாம். வேலை முடிந்ததும் அதே மாதிரி இழுத்துப் பழைய கோட்டுக்கே கொண்டு வந்துவிடுங்கள். கோடு என்று ஒன்று இருந்தால்தான் திரும்பி வர ஒரு வீடு இருக்கும்.

சில பெடல்களில் குதிகாலும் தட்டின் மேலேயே உட்காரும், தட்டு நகரும்போது முழுப் பாதமும் சேர்ந்து நகரும். அப்படிப்பட்டதில் கணுக்காலுக்கு வேலையே இல்லை, முழங்கால்தான் உழைக்கும். குதிகால் தாங்கியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். முடியாவிட்டால் பெடலுக்கு முன்னால், அசையாத இடத்தில், இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் ஒரு பலகைத் துண்டைக் குதிகாலுக்காக வையுங்கள். ஒரு நண்பருக்கு இப்படித்தான் செய்து கொடுத்தேன். பலகையின் மேல் சன்மைக்கா ஒட்டினால் குதிகால் வழுக்கிக்கொண்டு நகரும், ரப்பர் ஒட்டினால் பிடித்துக்கொள்ளும். எனக்குச் சன்மைக்காதான் பிடித்திருக்கிறது.

அந்த நான்கு கோடுகள்

இப்போது கோடுகளுக்கு வருகிறேன். இதுவரை சொன்னபடி இரண்டு குதிகாலையும் சமமாக வைத்து ஹோவர் செய்தால், ஹியூயியில் இடது பெடல் முன்னால் போயிருக்கும், வலது பெடல் பின்னால் வந்திருக்கும். இடது பாதம் நீண்டு கிடக்கும், வலது பாதம் மேல்நோக்கி மடங்கியிருக்கும். இடது கணுக்காலிடம் இருந்த 20 டிகிரியில் பாதி இப்போதே செலவாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் இடது பெடல் வேண்டும் என்றால் எட்டிப் பிடிக்க வேண்டும். வலது கணுக்கால் மடங்கியே இருப்பதால் முன்பக்கத் தசை இறுகியே இருக்கும், எனக்கு வலி வந்ததற்கு இது இன்னொரு காரணம்.

ஆகவே பெடல் நடுவில் இருக்கும்போது கால் சௌகரியமாக இருக்கிறதா என்று பார்ப்பது தப்பு. ஹோவரில் இருக்கும்போது சௌகரியமாக இருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கிற முறை சுலபம். காற்று இல்லாத வானிலையைத் தேர்ந்தெடுங்கள். மூன்று அடி உயரத்தில் ஓரளவுக்கு நிலையாக நின்றதும் பாஸ் போட்டுச் சிமுலேட்டரை நிறுத்தி வையுங்கள். காலை எடுக்காதீர்கள். டிசிஎஸ்ஸில் வலது கன்ட்ரோலையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால் கட்டுப்பாடுகள் எங்கே நிற்கின்றன என்று காட்டுகிற சின்னப் பெட்டி வரும், அதில் பெடலின் நிலையும் தெரியும். இப்போது மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள். பெடலை அசைக்காமல் குதிகால்களை மட்டும் நகர்த்தி, இரண்டு கணுக்காலும் ஒரே அளவு மடங்கியிருக்கும்படி வையுங்கள். குதிகாலின் பின் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். எனக்கு இடது கால் ஒரு விரற்கடை முன்னால் வந்தது. உங்கள் பெடலின் நீளம் வேறாக இருந்தால் அளவும் வேறாக இருக்கும், அதனால் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த முறை உட்காரும்போது இந்தக் கோடுகளில் குதிகாலை வைத்து எழும்பிப் பாருங்கள். அன்றைக்கு முதல்முறையாக என் ஹியூயி ஒரு நிமிடம் முழுக்க ஒரே திசையைப் பார்த்து நின்றது. நான் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை, குதிகாலை இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தியிருந்தேன், அவ்வளவுதான்.

முன்னோக்கி வேகம் எடுத்ததும் வாலில் உள்ள செங்குத்துத் துடுப்பு வேலையைப் பகிர்ந்துகொள்ளும், பெடல் நடுப்பக்கம் வரும். ஆட்டோரொட்டேஷனில், அதாவது எஞ்சின் விசை இல்லாமல் ரோட்டர் காற்றால் சுற்ற இறங்கும்போது, எஞ்சின் முறுக்கு போய்விடுவதால் ஹியூயிக்கு வலது பெடல் தேவைப்படும். அப்போதெல்லாம் குதிகாலைத் தேவைக்கு இழுத்து நகர்த்தினால் போதும். நுணுக்கமான வேலை ஹோவரில்தான், கோடு அதற்காகத்தான்.

ஸ்பிரிங், பிரேக், செட்டிங்

பெடல் நடுவில் டக்கென்று உட்கார வைக்கிற ஸ்பிரிங் விமானத்துக்கு நல்லது, ஹெலிகாப்டருக்கு நல்லதல்ல. ஹோவரில் பெடல் நடுவில் இல்லாததால் ஸ்பிரிங் நொடிக்கு நொடி உங்களை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கும். இறுக்கத்தைக் குறைக்கிற திருகு இருந்தால் கடைசிவரை தளர்த்துங்கள். ஸ்பிரிங்கைக் கழற்ற முடிகிற வகை என்றால் கழற்றியே விடலாம், விட்ட இடத்தில் பெடல் நிற்கும். நான் கழற்றிவிட்டேன், முதல் நாள் பெடல் செத்துப்போன மாதிரி இருந்தது, மூன்றாம் நாள் பழகிவிட்டது. மறுபடி விமானம் ஓட்டுவீர்கள் என்றால் ஸ்பிரிங்கை ஒரு கவரில் போட்டுப் பெடலோடேயே கட்டி வையுங்கள்.

விரல் பக்கம் அழுத்தினால் பிரேக் பிடிக்கிற பெடல்களில் ஒரு தொல்லை உண்டு. பெடல் நகர்வதற்கு முன்னால் தட்டு சாய்ந்துவிடும், நீங்கள் கொடுத்த முதல் சில மில்லிமீட்டர் அதிலேயே வீணாகும். முன்மேட்டைத் தட்டின் கீழ்ப்பாதியில் வைக்கச் சொன்னது இதற்காகவும்தான். அப்படியும் சாய்ந்தால் தட்டுக்குப் பின்னால் ஒரு ரப்பர் துண்டைச் செருகி, கேபிள் டையால் கட்டிவிடலாம். சக்கரத்துக்குப் பதில் ஸ்கிட் என்ற சறுக்குக் கம்பி வைத்த ஹியூயிக்குப் பிரேக்கே கிடையாது, செட்டிங்கிலும் அந்த அச்சுகளை நீக்கிவிடுங்கள். அப்பாச்சிக்குச் சக்கரமும் உண்டு, பெடலில் பிரேக்கும் உண்டு, அதை ஓட்டுபவர்கள் கட்டாமல் விடுங்கள்.

கர்வ், அதாவது பெடல் அசைவுக்குச் சிமுலேட்டர் பதில் சொல்கிற அளவைச் செட்டிங்கில் வளைப்பது, பற்றி எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு: போடாதீர்கள். நடுவில் மென்மையாகவும் ஓரங்களில் கூர்மையாகவும் இருக்கிற கர்வ் விமானத்துக்குப் பொருந்தும், அங்கே வேலை நடுவில் நடக்கிறது. ஹெலிகாப்டர் ஹோவர் நடுவுக்கு வெளியே நடப்பதால், கர்வ் போட்டால் இடதுபக்கம் ஒரு மாதிரியும் வலதுபக்கம் வேறு மாதிரியும் பேசும். நேர்கோடாகவே விடுங்கள். டெட் ஸோனும், அதாவது பெடல் அசைந்தாலும் சிமுலேட்டர் கண்டுகொள்ளாத நடு இடமும், சுழியம்தான். நான் முதலில் வாங்கியது செகண்ட் ஹாண்ட் பெடல். அதன் சென்சார் தேய்ந்து அளவு துள்ளிக்கொண்டே இருந்தது. அதை மறைக்க டெட் ஸோன் போட்டுப்போட்டு மூன்று மாதம் என் காலையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். செட்டிங் திரையில் பெடல் அளவு தானாகத் துள்ளுகிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

எம்ஐ-8 ஓட்டுபவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். அதன் உண்மையான பெடலில், கால் வைத்ததை உணர்கிற மைக்ரோ சுவிட்ச் இருக்கிறது. கால் அழுத்தினால் ஆட்டோபைலட்டின் திசைப் பிடிப்பு விலகிக்கொள்ளும். அங்கே காலை வைப்பதே ஒரு கட்டளை.

வெறுங்காலா, செருப்பா? சாக்ஸ் மட்டும் வேண்டாம், பெடலில் வழுக்கும். வெறுங்காலில் உணர்வு நன்றாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் குதிகால் எரியும். நான் அடி தேய்ந்த ஒரு பழைய கான்வாஸ் ஷூவை இதற்கென்றே வைத்திருக்கிறேன்.

பழகுவது

பதினைந்து நிமிடம், வாரத்தில் நான்கு நாள். அதற்கு மேல் முதலில் வேண்டாம், தசை சோர்ந்தால் தொடை உதவிக்கு வந்துவிடும், பழைய பழக்கம் திரும்பிவிடும்.

முதல் வாரம் தரையை விட்டு எழும்பவே வேண்டாம். கலெக்டிவை அங்குலம் அங்குலமாகத் தூக்குங்கள். ஸ்கிட்டின் மேல் எடை குறைந்து ஹெலிகாப்டர் லேசாகிற ஒரு தருணம் வரும். அப்போதே மூக்கு திரும்ப ஆரம்பிக்கும். அதைக் காலால் நிறுத்தி, அப்படியே பத்து வினாடி வைத்திருந்து, கலெக்டிவை இறக்குங்கள். இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். மூக்கு திரும்பிய பிறகு மிதிப்பது தாமதம். கலெக்டிவைத் தூக்குகிற கையும் பெடலைத் தள்ளுகிற காலும் சேர்ந்தே கிளம்ப வேண்டும். சில நாளில் கை அசைந்தால் கால் தானாக அசையும்.

கண் தூரத்தில் இருக்கட்டும். மூக்குக்குக் கீழே உள்ள தரையைப் பார்த்தால் எல்லாமே ஆடுவதாகத் தெரியும். தொடுவானத்தை ஒட்டி ஒரு கோபுரமோ மலை முகடோ தேர்ந்தெடுத்து, கண்ணாடிச் சட்டத்தின் ஓர் இடத்தோடு அதைச் சேர்த்து வையுங்கள். அது நகர்ந்தால் கால் பதில் சொல்ல வேண்டும்.

பிறகு மூன்றடி ஹோவர். அதில் நின்றபடி கலெக்டிவை ஓரடி ஏற்றி, ஓரடி இறக்கி, மூக்கை அசையாமல் வைத்திருக்கப் பாருங்கள். அது கைக்கு வந்ததும் அரக்கோணத்தில் நான் பார்த்த அந்தச் சேதக் செய்ததைச் செய்யுங்கள்: இடதுபக்கம் 90 டிகிரி, நிறுத்தம், வலதுபக்கம் 90 டிகிரி, நிறுத்தம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் பத்து வினாடி எடுத்துக்கொள்ளுங்கள். ஹியூயியில் இடதுபக்கம் திரும்ப வால் ரோட்டர் கூடுதல் பவரை எடுத்துக்கொள்ளும், வலதுபக்கம் திரும்பினால் அது மிச்சமாகும். அதனால் ஒருபக்கம் லேசாக இறங்கப் பார்க்கும், மறுபக்கம் லேசாக ஏறப் பார்க்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்பவில்லையே என்று உங்கள் காலைச் சந்தேகிக்க வேண்டாம். திருப்பத்தை நிறுத்துவதற்கும் எதிர்க்கால் சற்று முன்னதாகவே வேலையைத் தொடங்க வேண்டும். காற்று வைத்துப் பழகுவதெல்லாம் இதற்கு அப்புறம். வால் காற்றைப் பார்த்து நிற்கும்போது மூக்கு காற்றுப் பக்கம் ஓடப் பார்க்கும், அங்கே குதிகாலை நகர்த்த வேண்டியது வரும்.

கடைசியாக, இறங்கும்போது. ஸ்கிட் தரையைத் தொட்டதும் மனசு தளர்ந்து காலும் தளர்ந்துவிடும், அந்த நொடியில்தான் மூக்கு பக்கவாட்டில் பிடுங்கிக்கொண்டு போகும். ஸ்கிட் தொட்டாலும் ரோட்டர் இன்னும் எடையில் பாதியைத் தாங்கிக்கொண்டிருக்கலாம், முறுக்கு இன்னும் இருக்கிறது. கலெக்டிவை இறக்க இறக்க இடது காலையும் அதே அளவில் பின்வாங்குங்கள். கலெக்டிவ் அடிவரை போய், பெடல் நடுவுக்குத் திரும்பி வந்த பிறகு காலை எடுக்கலாம்.